அடையாற்று வெள்ளத்தில் போன கட்டை எந்தக் கரையில் ஒதுங்கும்?

கேள்வி இதுதான்: மழை வெள்ளத்தில் அடையாறு அடித்துக்கொண்டு போகும் மரம், ஆகாயத்தாமரை, தெர்மோகோல், பாட்டில் எல்லாம் கடலில் விழுந்த பிறகு எங்கே போகின்றன? நடுக்கடலுக்கா, திரும்பவும் நம் கரைக்கேவா? அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி நடுக்கடலுக்குப் போவதே இல்லை, முகத்துவாரத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கரை ஏறிவிடுகிறது. எந்தப் பக்கத்துக் கரை என்பதை ஆற்றை வைத்துச் சொல்ல முடியாது, மாதத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆடியில் கடலுக்கு வந்த கட்டையும் கார்த்திகையில் வந்த கட்டையும் ஒரே மரத்தில் வெட்டியவையாக இருந்தாலும் வேறு வேறு திசையில் போகும். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான், மீதியெல்லாம் ஏன் அப்படி என்பதற்கான விளக்கம்.

ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன். வருஷத்தில் பாதிக்கு மேல் அடையாறு கடலோடு சரியாகச் சேர்வதே இல்லை. அலை கொண்டுவந்து போடும் மணல் முகத்துவாரத்தில் திட்டாக நின்றுவிடும், உள்ளே தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் ஆற்றில் விழும் குப்பை எல்லாம் கரையோரச் செடியிலும் பாலத்தூணிலும் ஆகாயத்தாமரைக்குள்ளும் மாட்டிக்கொண்டு காத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் முதல் பெரிய வெள்ளம் வரும்போது மணல் திட்டு உடைகிறது, பல மாதச் சேமிப்பு ஓரிரு நாளில் வெளியே போகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள், அதோடு வழியில் நிறைந்து வழிந்த ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. அப்படி ஒரு வெள்ளம் ஆற்றைக் கழுவித் துடைத்துவிடும். அதனால் ஆற்றுக் குப்பை கடலுக்குப் போவது தினசரி நடக்கும் காரியம் என்று நினைக்க வேண்டாம், அது வருஷத்துக்குச் சில நாள் நடக்கும் காரியம்.

ஆகாயத்தாமரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் தண்டில் காற்றுப்பைகள் இருப்பதால் நன்றாக மிதக்கும், வேர் கீழே தாடி மாதிரி தொங்கும், அந்த வேரிலும் இலை நடுவிலும் பிளாஸ்டிக் சிக்கிக்கொள்ளும். வியட்நாமின் சைகோன் ஆற்றில் எண்ணிப் பார்த்தபோது, மிதந்து போன பெரிய பிளாஸ்டிக்கில் பாதிக்கு மேல் இந்தத் தாமரைக் கூட்டங்களோடுதான் போனது. ஆனால் இது நன்னீர்ச் செடி, உப்புத் தண்ணீரில் பிழைக்காது. கடலுக்கு வந்ததும் அலை அதை அடித்துப் பிய்க்கும், இலை பழுப்பாகும், அதுவரை சுமந்து வந்த பிளாஸ்டிக்கை அங்கே கைவிட்டுவிடும். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு பட்டினப்பாக்கத்திலும் பெசன்ட் நகர் பக்கமும் கரையில் பழுப்பு மெத்தை மாதிரி ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலால் கிளறினால் பாட்டில் மூடியும் ஷாம்பு பாக்கெட்டும் வரும்.

சரி, இப்போது கடல். வெள்ளத் தண்ணீர் கடலில் விழுந்த உடனே கலந்துவிடுவதில்லை. கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் அது நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு கனமானது. அந்தச் சின்ன வித்தியாசமே போதும், ஆற்றுத் தண்ணீர் எண்ணெய் போல மேலே பரவிவிடும். சில மீட்டர் தடிமன்தான் இருக்கும், ஆனால் அகலமாக, செம்மண் நிறத்தில் போகும். அது முன்னே நகர நகர, கனமான கடல் நீர் அதன் விளிம்பில் அடியில் இறங்கும். தண்ணீர் கீழே போகலாம், கட்டை போக முடியாது. மிதப்பதெல்லாம் அந்த விளிம்பிலேயே நின்றுவிடும். இதனால்தான் வெள்ளத்துக்கு மறுநாள் படகில் போனால் கலங்கலும் நீலமும் சேரும் இடத்தில் ஒரு நுரைக்கோடு கயிறு பிடித்த மாதிரி நீளமாகத் தெரியும், அதில் மரக்கிளை, செருப்பு, தேங்காய் மட்டை, பாட்டில் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். கடல் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத குப்பை அந்த ஒரு கோட்டில் கிடைக்கும். குப்பை கடலில் பரவிப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பல இடங்களில் பரவுவதற்குப் பதிலாகச் சேர்கிறது.

சேர்வதற்கு இன்னொரு வழியும் உண்டு. காற்று ஒரே திசையில் நிதானமாக அடித்தால், காற்றின் போக்கிலேயே நீள நீளமான கோடுகள் கடல் மேல் உண்டாகும். இர்விங் லாங்மியூர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1927ல் அட்லாண்டிக்கில் கப்பலில் போகும்போது கடற்பாசி இப்படி வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தார், பிறகு ஒரு ஏரியில் சோதனை செய்து 1938ல் காரணத்தை எழுதினார். மேல் தண்ணீர், படுத்துக்கொண்டு சுழலும் உருளைகள் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் சுற்றுகிறது. இரண்டு உருளைகள் சேர்ந்து கீழே இறங்கும் இடத்தில் மிதப்பது நிற்கிறது. நுரை வரிசையை மெரினாவில் நின்றே சில நாள் பார்க்கலாம்.

இனி எது இந்தக் குப்பையை நகர்த்துகிறது என்பதற்கு வருகிறேன். மூன்று பேர் இழுக்கிறார்கள்: நீரோட்டம், காற்று, அலை. ஒவ்வொரு பொருளும் இந்த மூவரில் யாருக்குக் கட்டுப்படும் என்பது அது எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதைப் பொறுத்தது. தெர்மோகோல் பெட்டி கிட்டத்தட்ட முழுசாகத் தண்ணீருக்கு மேலே உட்கார்ந்திருக்கும், அதற்குக் காற்றுதான் எஜமான். ஊறிப்போன தென்னை மரம் முதுகு மட்டும் தெரிய மிதக்கும், அது நீரோட்டம் சொன்னபடி போகும். பிளாஸ்டிக் பை மேல் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஜெல்லி மீன் மாதிரி தொங்கிக்கொண்டு போகும், காற்றுக்கு அது தெரியவே தெரியாது. தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மூடிதான் எல்லாம். பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் தண்ணீரைவிட நன்றாகவே கனமானது, மூடி இருந்தால் உள்ளே இருக்கும் காற்றால் மிதக்கும், மூடி இல்லாவிட்டால் தண்ணீர் நிறைந்து முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே அடியில் போய்விடும். மூடி வேறு பிளாஸ்டிக், தண்ணீரைவிட லேசு, எப்போதும் மிதக்கும். கரையில் பாட்டிலைவிட மூடி அதிகம் கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

கணக்கு வேண்டுமென்றால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மிதக்கும் பொருளைக் காற்று தன் வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு முதல் ஐந்து பங்கு வரை தள்ளும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு நாள் முழுக்க அடித்தால், மூன்று பங்கு என்று எடுத்தால்கூட மணிக்கு ஒரு கிலோமீட்டர், நாளுக்கு 26 கிலோமீட்டர். நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர் ஓடினால் நாளுக்கு 43 கிலோமீட்டர். அதாவது நீரோட்டத்தோடு போகும் கட்டை அடையாற்று முகத்துவாரத்திலிருந்து இரண்டே நாளில் கல்பாக்கத்தைத் தாண்டிவிடலாம், வழியில் கரை ஏறாமல் இருந்தால்.

அந்த நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்பதுதான் நம் கடலின் விசேஷம். உலகத்தில் பல கரைகளில் பெரிய நீரோட்டம் வருஷம் முழுக்க ஒரே திசையில் ஓடுகிறது. இந்தியாவின் கிழக்குக் கரை நீரோட்டம் பருவத்துக்கு ஒரு முறை திரும்பிவிடுகிறது. மாசி, பங்குனி, சித்திரையில் தெற்கிலிருந்து வடக்கே பலமாக ஓடும். ஆடி, ஆவணியில் வலுவிழந்து துண்டு துண்டாகிவிடும், தமிழ்நாட்டுப் பக்கம் பெரும்பாலும் வடக்கு நோக்கியே இருக்கும். ஐப்பசி பிற்பகுதியில் திரும்பி, கார்த்திகை, மார்கழியில் வடக்கிலிருந்து தெற்கே வேகமாக ஓடும், சில சமயம் நொடிக்கு ஒரு மீட்டரையும் தாண்டும். சென்னைப் பக்கத்து மீனவர்கள் வடக்கே ஓடுவதைத் தெண்டித் தண்ணி என்றும் தெற்கே ஓடுவதை வன்னித் தண்ணி என்றும் சொல்வார்கள். வலை இறக்கும் முன் அவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். கடலியல் புத்தகம் எதையும் தொடாமல் தலைமுறை தலைமுறையாக இதைப் பிழையில்லாமல் படித்து வைத்திருக்கிறார்கள், எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

இப்போது கார்த்திகை வெள்ளத்தை இதில் பொருத்திப் பாருங்கள். அடையாறு, கூவம், கொசஸ்தலை எல்லாம் வடகிழக்குப் பருவமழையில் பெருகும் ஆறுகள். அவை குப்பையை வெளியே தள்ளும் நேரத்தில் கடலில் வன்னித் தண்ணி ஓடுகிறது, மேலே வடக்கிலிருந்து வாடைக் காற்று அடிக்கிறது. பூமி சுழல்வதால் நாம் இருக்கும் வடக்குப் பாதி உலகத்தில் ஓடும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வலது கைப் பக்கம் சாயும், கிழக்கே பார்த்துக் கடலில் இறங்கும் ஆற்றுக்கு வலது கை தெற்கு. அடையாறு மாதிரி சின்ன ஆற்றுக்கு இந்தச் சாய்வு பெரிசில்லை, கிருஷ்ணா, கோதாவரி அளவுக்குப் போனால் நன்றாகவே தெரியும். வாடைக் காற்றுக்கும் அதே விதிதான். அது தெற்கே அடிக்கும்போது மேல் தண்ணீர் மொத்தமாக அதன் வலப்பக்கம், அதாவது கரைப் பக்கம் நகரும். ஆக நீரோட்டம் தெற்கே இழுக்கிறது, காற்று தெற்கேயும் கரைக்குமாகத் தள்ளுகிறது, அலையும் கரைக்கே கொண்டுவருகிறது. மூன்று பேரும் ஒரே பேச்சு. குப்பைக்குத் தப்பிக்க வழி குறைவு. ஊரூர் குப்பம், எலியட்ஸ், திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை என்று தெற்கே போகப் போகக் கரையெல்லாம் ஒதுங்கும்.

கொள்ளிடம் அப்படி இல்லை. காவிரி பெருகுவது கர்நாடகத்திலும் கேரளத்திலும் தென்மேற்குப் பருவமழை பெய்யும்போது, ஆடி, ஆவணியில். மேட்டூர் நிறைந்து உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பி, நுங்கும் நுரையுமாகப் பழையாறு பக்கம் கடலில் விழும்போது அடிப்பது கச்சான், தென்மேற்கிலிருந்து. நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்று. அதோடு, இந்தக் காற்று வடக்குப் பக்கம் போவதால் மேல் தண்ணீர் அதன் வலப்பக்கம், அதாவது கரையை விட்டு வெளியே நகர்கிறது, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் எழுகிறது. அந்த மாதங்களில் கடலில் கால் வைத்தால் சில நாள் சில்லென்று இருப்பது இதனால்தான். கொள்ளிடத்து மரம் அப்போது கரையோரமாகக் கிடக்காது, வடகிழக்கே விலகிப் போகும். முழுசாகத் தப்பிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வரும், லேசான பொருளைத் திரும்பக் கொண்டுவந்து போடும். ஆனால் பெரிய கட்டைகள் வெளிக்கடலில்தான் சுற்றும், படகுக்காரர்கள் அங்கே கவனமாக இருப்பார்கள்.

புயல் வந்தால் இந்த நிதானமான கணக்கு ஓரிரு நாளுக்குக் கலைந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னைக்குப் பக்கத்திலேயே கடலில் நகர்ந்து 5ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா பக்கம் கரை கடந்தது. புயல் நமக்குக் கிழக்கே இருக்கும்போது வடக்கிலிருந்து காற்று அடிக்கும், அது வடக்கே தாண்டிய பிறகு மேற்கிலிருந்து அடிக்கும். அதாவது வெள்ளம் உச்சத்தில் இருக்கும் அதே நேரத்தில் மேல் மட்டத்துப் பொருள்கள் வெளியே தள்ளப்படலாம். அந்த வெள்ளத்தில்தான் எண்ணூர் கழிமுகத்துக்கு எண்ணெய் வந்து சேர்ந்தது, படகும் வலையும் அலையாத்தி வேரும் கறுத்துப்போயின. எண்ணெய்ப் படலமும் ஒரு மிதக்கும் குப்பைதான், அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். அந்த மக்கள் பட்டதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

தெற்கே போகிற வழியில் கரை ஏறாமல் தப்பியது என்ன ஆகும்? கோடியக்கரை வரை கரையோடு வரும். அதற்கப்பால் பாக் நீரிணை ஆழம் குறைந்த இடம், பெரிய நீரோட்டம் அதற்குள் நுழையாமல் இலங்கையின் கிழக்குப் பக்கமாகச் சுற்றிப் போகும். வடமராட்சிக் கிழக்குக் கரையும் முல்லைத்தீவும் அந்த வழியில் முகம் கொடுத்து நிற்கின்றன. மியான்மர் பக்கத்து மூங்கில் மிதவைகள்கூட வடகிழக்குப் பருவத்தில் ஈழத்துக் கரைகளில் வந்து ஒதுங்குவதுண்டு, குடிசையோடு வரும்போது ஊரே கூடிப் பார்க்கும். 2022 மே மாதம் அசானி புயலின்போது ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் சுன்னபள்ளிக் கரையில் பொன்னிறத் தேர் மாதிரி ஒன்று வந்து ஒதுங்கியதும் இந்த வகைதான், தென்கிழக்கு ஆசியப் பக்கத்திலிருந்து வந்தது என்றார்கள். வங்கக் கடல் அகலமாகத் தெரிந்தாலும் மிதக்கும் பொருளுக்கு அது ஒரு முற்றம் அளவுதான்.

இலங்கையையும் சுற்றாமல் கடலிலேயே மாசி வரை தங்கிவிட்டால், தெண்டி தொடங்கியதும் திரும்ப வடக்கே வரும். இப்படிப் போகவும் வரவுமாக இருப்பதால்தான் பசிபிக்கில் உள்ளது மாதிரி நிலையான குப்பைச் சுழல் வங்கக் கடலில் உருவாவதில்லை. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஆனால் சுழலில் சேராதது எங்காவது சேர வேண்டுமே, அது கரையில் சேர்கிறது. நம்முடையது, ஆந்திராவுடையது, வங்கதேசத்துடையது, மியான்மருடையது. ஒருவர் விட்டது இன்னொருவர் கரையில்.

கரை ஏறினால் கதை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். சென்னையில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டர் அளவுதான், அதனால் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏறும் தண்ணீர்தான் மேலே கிடப்பதைத் திரும்ப எடுக்கும். அன்று ஒதுங்கிய பாட்டில் இரண்டு வாரம் கழித்துக் கிளம்பி, இன்னும் கொஞ்சம் தெற்கே ஒதுங்கும். இப்படி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மணலில் உரசி, வெயிலில் காய்ந்து உடையும். பாதி மணலுக்குள் புதைந்துவிடும். ஒரு பொருள் எவ்வளவு நாள் கடலில் இருந்தது என்று தெரிய வேண்டுமானால் அதைத் திருப்பிப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் சில நாள்தான் ஆகியிருக்கும். காம்பு மாதிரி கழுத்து நீண்ட சிப்பிகள் ஒட்டியிருந்தால் வாரக்கணக்கில் வெளிக்கடலில் மிதந்தது, சிப்பி பெரிதாகப் பெரிதாக நாளும் கூடும்.

முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதற்கு: முடியும், ஆனால் ஒரு புள்ளியாகச் சொல்ல முடியாது, ஒரு வட்டாரமாகத்தான் சொல்ல முடியும். கல்பாக்கத்திலும் கடலூரிலும் உள்ள கடலோர ரேடார்கள் அலைகளில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையை வைத்து மேல் நீரோட்டத்தை அளக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் நீரோட்டம், காற்று இரண்டையும் கணித்து, காணாமல் போன படகையோ ஆளையோ தேடுவதற்கு ஒரு கருவி நடத்துகிறது. கடைசியாகப் பார்த்த இடம், நேரம், பொருளின் வகை இவற்றைக் கொடுத்தால், கணினியில் நிறையக் கற்பனைப் பொருள்களை அங்கே மிதக்கவிட்டு, அவை அதிகமாகப் போய்ச் சேரும் பகுதியைக் காட்டும். பொருளின் வகை ஏன் கேட்கிறார்கள் என்பது இப்போது உங்களுக்கே புரியும், கவிழ்ந்த படகும் கவிழாத படகும் வேறு வேறு வழியில் போகும். கரைக்கு மிகப் பக்கத்தில் மட்டும் இந்தக் கணிப்பு தடுமாறும், ஏனென்றால் அலை உடையும் இடத்தில் ஒரு மணல் மேடோ ஒரு கல் தடுப்போ எல்லாவற்றையும் மாற்றிவிடும். வன்னி ஓடும்போது கல் தடுப்புகளின் வடக்கு மூலையில் குப்பை அடையும், தெண்டி ஓடும்போது தெற்கு மூலையில்.

பள்ளிப் பிள்ளைகளோடு சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால் ஆரஞ்சுப் பழம் போதும். முக்கால்வாசி முங்கி மிதக்கும், தூரத்திலிருந்தே நிறம் தெரியும், தொலைந்தாலும் மக்கிப்போகும், உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள். பக்கத்தில் ஒரு காய்ந்த தேங்காய் மட்டையையும் விட்டுப் பாருங்கள், அரை மணி நேரத்தில் இரண்டும் பிரிந்து போவது கண்ணுக்கே தெரியும். வெள்ள நாளில் செய்யாதீர்கள், முகத்துவாரத்தில் இறங்கவும் வேண்டாம், அலைக்கு வெளியே படகில் போகிறவரிடம் கொடுத்து விடச் சொல்லுங்கள்.

கரையைச் சுத்தம் செய்யும் குழுவில் இருப்பவர்கள் தேதி முடிவு செய்யும்போது வெள்ளத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கார்த்திகையில் மணல் திட்டு உடைந்த நாளிலிருந்து மூன்று, நான்கு நாளுக்குள், முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள கரையில், அடுத்த அமாவாசையோ பௌர்ணமியோ வருவதற்கு முன். அதற்கும் மேலாக, புரட்டாசியிலேயே ஆற்றோரத்தில் எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டால் நல்லது. ஆற்றின் குறுக்கே கட்டும் மிதவைத் தடுப்பு சாதாரண நாளில் நன்றாக வேலை செய்யும், வெள்ளத்தின் வேகம் கூடினால் குப்பை அதன் அடியில் நுழைந்து போய்விடும், அதனால் வெள்ளத்துக்கு முன்பே அதைக் காலி செய்திருக்க வேண்டும்.

ஃபைபர் படகில் போகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் வெளியூரிலிருந்து புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வாரம் அந்த நுரைக்கோட்டில் மீன் இருக்கும், கட்டை நிழலில் சின்ன மீன் கூடும், அதைத் தேடிப் பெரிய மீனும் வரும். ஆனால் முதுகு மட்டும் தெரியும் தென்னை மரமும் அங்கேதான் கிடக்கும். இருட்டில் அந்தக் கோட்டைக் கடக்க வேண்டியிருந்தால் இன்ஜினை மெதுவாக்கி, முன்னணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்துகொள்ளுங்கள்.